மெஸ்ஸில் மிஞ்சும் சோறு, நடைபாதை, ஒரு கல்லூரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வடசென்னையில் ஒரு கலைக்கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறேன். அக்டோபர் 16 உலக உணவு நாள், மறுநாள் வறுமை ஒழிப்பு நாள். அந்த வாரம் முழுக்க பசிக்கும் வறுமைக்கும் வீடின்மைக்கும் எதிராக எங்கள் வளாகத்தில் ஒரு பிரச்சாரம் நடத்தப் போகிறோம். விடுதி மெஸ்ஸில் மிஞ்சும் உணவோடு வெளியிலும் வாங்கி, பாரிமுனையிலிருந்து சென்ட்ரல் வரை நடைபாதையில் இருப்பவர்களுக்கு 300 பொட்டலம் கொடுப்பது, வீதி நாடகம் போடுவது, ஓர் இரவு எல்லோரும் மைதானத்தில் வெறுந்தரையில் படுத்து வீடற்றவர்களின் கஷ்டத்தை உணர்வது என்று திட்டம். இதுவரை 20,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. என் தோழி ஒருத்தி, “ஒருநாள் போட்டோவுக்கு எதற்கு இவ்வளவு பாடு?” என்கிறாள். எதைச் செய்தால் உண்மையிலேயே பயன்படும், எங்கெல்லாம் தவறும் என்று சொல்ல முடியுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

இரண்டாமாண்டு மாணவி, சென்னை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தோழியின் கோபம் நியாயமானது. அதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, வரிசையை மாற்றுங்கள். பாரிமுனைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வகுப்பறையில் காலையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளையின் பசியை அரசு தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு பல தலைமுறை ஆகிவிட்டது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பிறகு பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் தட்டு நின்றுவிடுகிறது. அதே பிள்ளைதான் இரண்டு வருடம் கழித்து உங்கள் கல்லூரிக்கு வருகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் மின்சார ரயிலில் காலை ஷிப்டுக்கு வரும் மாணவர் கிளம்பும்போது வீட்டில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் பலருக்கு செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், வீட்டுச் செலவு என்று பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடும்.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரிய ஒரு கணக்கெடுப்பு போதும். ஒரு தாள், நான்கு கேள்விகள். கடந்த 30 நாட்களில் பணமில்லாததால் ஒரு வேளையாவது சாப்பிடாமல் இருந்தீர்களா, எத்தனை நாள்? வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? மெஸ் பாக்கியோ கட்டணப் பாக்கியோ இருக்கிறதா? இரவில் தங்க நிலையான இடம் இருக்கிறதா, அல்லது நண்பர்கள் அறையில் மாறி மாறித் தங்குகிறீர்களா? பெயர், பதிவெண், துறை எதையும் கேட்காதீர்கள். இருபது பேர் படிக்கும் துறை என்றால் துறையின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கூகுள் படிவமும் வேண்டாம். கல்லூரி மின்னஞ்சலில் நுழைந்து பதில் சொல்லச் சொன்னால் ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள். தாளை மடித்துப் பெட்டியில் போடட்டும். மாதத் தொடக்கத்தில் கேட்டால் கையில் கொஞ்சம் காசு இருக்கும் நேரத்தின் பதில்தான் கிடைக்கும், ஆகவே 20ஆம் தேதிக்கு மேல் கேளுங்கள்.

பதில்கள் வந்த பிறகு, தேவைப்படுபவர்களுக்குக் காலைச் சிற்றுண்டிக்கான கேன்டீன் டோக்கன் கொடுங்கள். இதில் எல்லாமே டோக்கனின் தோற்றத்தில் இருக்கிறது. மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கும் அதே டோக்கனாக இருக்க வேண்டும். வேறு நிறம், ‘இலவசம்’ என்ற முத்திரை, தனி வரிசை இவற்றில் ஒன்று இருந்தாலும் முதல் வாரத்திலேயே ஆள் வருவது நின்றுவிடும். வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. டோக்கன் கேட்டு வருபவர்களின் பட்டியல் ஒரே ஓர் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும், மாணவர்களாகிய உங்களிடம்கூட வேண்டாம். தேவையில்லாதவர்கள் வாங்கிவிடுவார்களே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நான்கு இட்லிக்காகப் பொய் சொல்பவர் ஓரிருவர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சோதனை போட்டால் விலகிப் போகிறவர்கள் உண்மையில் பசித்தவர்கள்தான்.

இப்போது உங்கள் 300 பொட்டலத்துக்கு வருவோம். பொட்டலம் 50 ரூபாய் என்று வைத்தால் 15,000 ரூபாய், ஒரு மாலையோடு முடிந்துவிடும். காலைச் சிற்றுண்டி 30 ரூபாய் என்றால் அதே 15,000 ரூபாயில் 25 மாணவர்கள் 20 வேலைநாள், அதாவது ஏறக்குறைய ஒரு மாதம் சாப்பிட்டு வகுப்பில் உட்காரலாம். ஒரு பருவத்தின் 90 வேலைநாளுக்கு 67,500 ரூபாய் ஆகும். கல்ச்சுரல்ஸ் விழாவில் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் எவ்வளவு போகிறது என்று மாணவர் மன்றத்திடம் கணக்குக் கேட்டுப் பாருங்கள். இந்தத் தொகை அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

அடுத்தது மெஸ்ஸில் மிஞ்சும் உணவு. இங்கேதான் ஆர்வத்தால் விபரீதம் நடக்கும். முதலில் இரண்டு வாரம் எடை போடுங்கள். அண்டாவில் பரிமாறாமல் மிஞ்சியது தனி, தட்டில் மிஞ்சியது தனி. தட்டில் மிஞ்சியது எச்சில், அது மனிதருக்குப் போகக் கூடாது. 500 பேர் விடுதியில் தலைக்கு 120 கிராம் அரிசி என்றால் ஒரு வேளைக்கு 60 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் 6 கிலோ அரிசி, சோறாக 16 முதல் 18 கிலோ, அதாவது சுமார் 50 பேர் சாப்பாடு. இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால் எந்தக் கிழமை, எந்த வேளை மிஞ்சுகிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் வெள்ளி இரவும் ஞாயிறு மதியமும்தான், ஊருக்குப் போனவர்களுக்கும் சேர்த்து உலை வைத்திருப்பார்கள். முந்தைய நாள் இரவு 8 மணிக்குள் ‘நாளை சாப்பிட மாட்டேன்’ என்று பெயர் எழுத ஒரு நோட்டு வைத்தால் இந்த உபரியில் பாதி சமைக்கப்படவே செய்யாது. மொத்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் டிவைடிங் சிஸ்டம் உள்ள விடுதியில் மிச்சமாகும் அரிசியும் பருப்பும் எல்லோருடைய மெஸ் பில்லையும் குறைக்கும், மெஸ் பாக்கியால் தவிப்பவருக்கு அதைவிட நேரான உதவி இல்லை. தானம் செய்வதற்காக உபரி சமைப்பது தலைகீழ் வேலை.

எடை போடத் தொடங்கும் முன்னால் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் அம்மாக்களிடமும் துப்புரவுப் பணியாளர்களிடமும் பேசுங்கள். பல விடுதிகளில் மிஞ்சிய சாதமும் குழம்பும் தூக்குவாளியில் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. அது குறைந்த கூலிக்கு ஈடாக எழுதப்படாமல் இருந்துவரும் ஏற்பாடு. அதைப் பிடுங்கிப் பொட்டலமாக்கி வேறொரு ஏழைக்குக் கொடுப்பதை நான் நல்ல காரியமாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகும் மிஞ்சுவதை வெளியே கொடுப்பதென்றால் வெப்பத்தையும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. நடுவில் இருக்கும்போது கிருமி பெருகும். சென்னை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடப்பட்டுவிட வேண்டும். பலரும் கறியைத்தான் சந்தேகப்படுவார்கள், சோற்றை மறந்துவிடுவார்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மதியச் சோற்றை மாலையில் புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறிப் பொட்டலம் கட்டுவது இதனால்தான் ஆபத்து. தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு, முட்டை, கோழி எதையும் எடுக்காதீர்கள். சுடச்சுட பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்து நீர் கோத்துச் சீக்கிரம் கெடும். மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தோடு வெப்பம் காக்கும் பெட்டியில் கொண்டுபோய் அங்கேயே பரிமாறுங்கள்.

தொடர்ந்து செய்வதாக இருந்தால் சட்டமும் உண்டு. உபரி உணவை மீட்டு விநியோகிப்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரைப் பார்த்துப் பேசுங்கள், அல்லது ஏற்கெனவே பதிவு பெற்ற அமைப்போடு சேர்ந்துகொள்ளுங்கள். உணவு போய்ச் சேரும் இடம் நடைபாதையாக இல்லாமல் வீடற்றவர்கள் தங்கும் ஒரு காப்பகமாக இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை பேர் என்பது முன்பே தெரியும், தட்டு இருக்கும், தண்ணீர் இருக்கும், யாருக்காவது வயிறு சரியில்லாமல் போனால் தகவலும் வந்துசேரும்.

நடைபாதையில் 300 பொட்டலம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். பாரிமுனை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் இருப்பவர்களில் பலர் தலைமுறையாக அங்கேயே வாழும் குடும்பங்கள். மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், பூ கட்டுகிறார்கள், வீட்டுவேலைக்குப் போகிறார்கள். நடைபாதையிலேயே அடுப்பு வைத்துச் சமைக்கிறார்கள். விழா நாட்களில் அவர்களுக்குப் பொட்டலம் மேல் பொட்டலமாக வந்து குவியும், பாதி குப்பைக்குப் போகும். 2013இல் தொடங்கிய அம்மா உணவகம் 1 ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் 3 ரூபாய்க்குத் தயிர்சாதமும் என்ற விலையோடு வந்தது. நடக்க முடிந்து, கையில் பத்து ரூபாய் இருப்பவருக்கு அது கைகொடுக்கும். அதுவும் எட்டாதவர் யார்? நடக்க முடியாத முதியவர், காலில் புண்ணோடு கிடப்பவர், மனநலம் பாதித்துத் தனியே திரிபவர். கூட்டமாகப் போய்ப் பொட்டலம் கொடுத்தால் வரிசைக்கு வராதவர்கள் இவர்கள்தான்.

மற்ற குடும்பங்கள் கேட்பது கழிப்பறை, தண்ணீர், பெண்பிள்ளைகளுக்கு இரவில் பாதுகாப்பு, முகவரி. கடைசியாகச் சொன்னதில் மாணவர்கள் பெரிய உதவி செய்யலாம், ஏனென்றால் அது படிவம் நிரப்பும் வேலை. வாக்காளர் பட்டியலில் சேர வீடற்றவருக்கு முகவரி ஆவணம் தேவையில்லை. படிவம் 6இல் அவர் தூங்கும் இடத்தை எழுத வேண்டும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. ஆதாருக்கு அதன் குறிப்பிட்ட படிவத்தில் மாமன்ற உறுப்பினரோ, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளரோ தரும் சான்று ஏற்கப்படும். அதற்கு மூன்று மாதம்தான் ஆயுள், வாங்கியவுடன் மையத்துக்குப் போய்விடுங்கள். பெயரின் எழுத்துகள் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதால்தான் பல விண்ணப்பங்கள் அலையவைக்கின்றன. ஒருவருக்குக் குறைந்தது நான்கைந்து தடவை கூடப் போக வேண்டிவரும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் உங்களுக்கு இருக்கிறதே, இரண்டு மாணவருக்கு ஒரு குடும்பம் என்று பிரித்து அந்த மணிகளை இதில் செலவிடுங்கள்.

மனநலம் பாதித்துத் திரிபவரைக் கண்டால் நீங்களாகக் குளிப்பாட்டவோ முடிவெட்டவோ அழைத்துப்போகவோ முயல வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச்செல்லும் பொறுப்பைக் காவல் நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறது. பிரிவின் எண்ணைச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். இந்த ஊரிலேயே 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காகத் தொடங்கியதுதான் பான்யன். அனுபவமுள்ள அப்படிப்பட்ட அமைப்புகளிடம் முதலில் பேசுங்கள்.

மைதானத்தில் ஓர் இரவு படுப்பது வேண்டாம். வாசலில் காவலாளி, பக்கத்தில் கழிப்பறை, காலையில் விடுதி அறை. யாரும் விரட்டமாட்டார்கள் என்று தெரிந்து படுப்பவருக்கு நடைபாதையின் பயம் தெரியாது. அதற்குப் பதில் காப்பகப் பணியாளரோடு நான்கைந்து பேராக இரவுச் சுற்றுக்குப் போய் வாருங்கள். 9 முதல் 10 மணி வரை சரியான நேரம். மூட்டை தூக்குபவர்கள் நான்கு மணிக்கு எழ வேண்டும், தூங்கிவிட்டவரை எழுப்பாதீர்கள், முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

அவர்கள் ஏன் காப்பகத்துக்குப் போவதில்லை என்று கேளுங்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றால் குடும்பம் பிரிய வேண்டும். வண்டியை நிறுத்த இடமில்லை. அதிகாலையில் வேலைக்குக் கிளம்பக் கதவு திறக்குமா என்பது தெரியாது. இந்தப் பதில்களிலிருந்துதான் உங்கள் பிரச்சாரத்தின் கோரிக்கை பிறக்க வேண்டும். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் பெருநகரங்களுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருப்பது, என்ற அளவை வற்புறுத்தியது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி என்றது. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 66 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எத்தனை காப்பகம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். எத்தனை இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை இடம், கடந்த 12 மாதத்தில் மாதவாரியாக எத்தனை பேர் தங்கினார்கள், குடும்பமாகத் தங்க எத்தனை இடம் என்று மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். பட்டியலும் எண்ணும் தேதியும் கேளுங்கள்.

வீதி நாடகம் போடுங்கள். ஆனால் நாடகம் முடிந்ததும் கையெழுத்து வாங்கும் தாளில் ஒரே ஒரு கோரிக்கை, அதை நிறைவேற்றும் அதிகாரமுள்ள ஒரே ஒரு ஆள் என்று இருக்கட்டும். கல்லூரி முதல்வருக்கு: கேன்டீன் காலை ஷிப்டுக்கு அரை மணி முன்னால் திறக்க வேண்டும், அல்லது மெஸ் பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது. மாநகராட்சிக்கு: உங்கள் கல்லூரிக்கு அருகே குடும்பக் காப்பகம் ஒன்று வேண்டும். ‘பசியை ஒழிப்போம்’ என்ற பதாகையைப் பார்த்து எந்த அலுவலரும் கோப்பு திறக்க மாட்டார்.

வாரத்தையும் செப்டம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிடும், நடைபாதையில் இருப்பவர்களுக்கு அதற்கு முன்னால் தேவைப்படுவது தார்ப்பாயும், ரேஷன் கார்டும் ஆதாரும் நனையாமல் வைக்க ஜிப் வைத்த கவரும்தான். கையில் உள்ள 20,000 ரூபாயில் 15,000 காலை டோக்கனுக்கு. ஒரு தொங்கு தராசும் உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானியும் சேர்ந்து 1,000 ரூபாய்க்குள் அடங்கும். மீதியில் தார்ப்பாயும் கவரும் வாங்குங்கள். தார்ப்பாயை மெல்லிய ரகத்தில் வாங்காதீர்கள், முதல் காற்றிலேயே ஓரத்து வளையம் கிழிந்துவிடும். கட்டுவதற்கு நைலான் கயிறையும் சேர்த்துக் கொடுங்கள்.

அன்புடன்.