தளத்தில் விரிசல்: ஃபைபர் போடலாமா, கெமிக்கல் ஊற்றலாமா?

கேள்வி: சித்திரை வெயிலில் காலை 10 மணிக்குத் தளம் போட்டோம். மூன்று மணிக்கெல்லாம் மேலே கீறல் கீறலாக விரிசல். கம்பி போதவில்லையா?

பதில்: கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் மேலே மெலிதாகத் தண்ணீர் கசிந்து பளபளக்கும், பார்த்திருப்பீர்கள். அது ஊறி வருவதைவிட வேகமாக வெயிலும் காற்றும் உறிஞ்சினால், இறுகாத மேல்தோல் சுருங்கிக் கிழியும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியானாலே ஆபத்து. இதற்குப் பாலிப்ரொப்பிலீன் ஃபைபர் நன்றாகக் கேட்கும்: 12 மி.மீ. பிளாஸ்டிக் இழை, 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 125 கிராம். கொத்தாகப் போடாமல் உதிர்த்துப் போடச் சொல்லுங்கள். கலவை கெட்டியானதுபோல் தெரியும்; உடனே யாராவது ஹோஸைத் திறப்பார்கள். தண்ணீர் சேர்க்க மட்டும் அனுமதிக்காதீர்கள். அப்புறம், மட்டம் பார்த்து முடித்த பகுதியை அப்போதைக்கப்போதே பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். இறுகும் முன்பே விரிசல் கண்ணில் பட்டால், மணியாஸ் கட்டையால் (தேய்க்கும் மரப்பலகை) தட்டித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். சிமென்ட் தூவி மறைக்காதீர்கள்.

கேள்வி: ஃபைபர் போட்டால் கம்பியைக் குறைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இந்த மெல்லிய இழை பாரம் தாங்காது.

கேள்வி: 20 மீட்டர் நீளக் குடோன் தரை. சுருக்கத்தைக் குறைக்கும் கெமிக்கல் வாங்கலாமா?

பதில்: இது மாதக்கணக்கில் காய்ந்து வரும் சுருக்கம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்லும் 0.0003 (மீட்டருக்கு 0.3 மி.மீ.) கணக்கில் உங்கள் தரை 6 மி.மீ. சுருங்கப் பார்க்கும். கிளைகால் (glycol) வகைக் கெமிக்கல், கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் சுருக்கம் குறையும். சிமென்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது மூட்டைக்கு அரை முதல் ஒரு கிலோ. விலை அதிகம்; இறுகுவது சற்றுத் தாமதமாகும், வலிமையும் கொஞ்சம் குறையலாம். என்னைக் கேட்டால், முதலில் நாலு மீட்டருக்கு ஒரு ஜாயின்ட் (விரிசல் அந்தக் கோட்டிலேயே விழ வெட்டும் பள்ளம்), தரைக் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு, மறுநாளுக்குள் வெட்டுங்கள். ஜாயின்ட் குறைவாக இருந்தே தீரவேண்டும் என்றால் கெமிக்கலுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் லிக்விட் விரிசலைத் தடுக்குமா?

பதில்: தடுக்காது. அது நீர் இறங்குவதைக் குறைக்க மட்டும்தான்.

கேள்வி: விரிசல் குறையட்டும் என்று தண்ணீரைக் குறைத்தால் கலவை ஓடவில்லை என்கிறார் மேஸ்திரி.

பதில்: அவர் சொல்வது உண்மைதான். சரி, அதற்கு சூப்பர் பிளாஸ்டிசைசர் இருக்கிறது. தண்ணீரைக் கூட்டாமலே கலவை இளகும். தண்ணீர்–சிமென்ட் எடை விகிதம் 0.5 என்றால் மூட்டைக்கு 25 லிட்டர். வாளியில் அளந்தே ஊற்றச் சொல்லுங்கள். எம்-சாண்ட் நனைந்து கிடந்தால் அந்த ஈரத்தையும் இந்த 25-இல் கழிக்க வேண்டும்.