வேலைப்பளு மிகுந்தவர்கள் தியானத்துக்கென நீண்ட நேரம் ஒதுக்கியே ஆக வேண்டுமா?

நாள் முழுவதும் கூட்டங்களும் அழைப்புகளுமாக இருப்பதால் நீண்ட நேரம் அமர முடியவில்லை என்றும், அமர்ந்தாலும் மனம் அலைவதால் தியானத்தையே விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மனம் அலைந்ததைக் கவனித்துத் திரும்பி வருவதுதான் பயிற்சியே.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபட்-சின் 1979இல் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சிக்கு நாள்தோறும் ஏறத்தாழ 45 நிமிடங்கள் தேவைப்படும். ஆனால் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970களில் விவரித்த முறைக்கு 10 முதல் 20 நிமிடங்கள் போதும்: வசதியாக அமர்ந்து, கண்களை மூடி, உடலைத் தளர்த்தி, மூச்சை வெளிவிடும்போதெல்லாம் ஒரு சொல்லை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, இடையில் வேறு எண்ணம் வந்தால் அதனோடு மல்லுக்கட்டாமல் ‘சரி, இருக்கட்டும்’ என்று விட்டுவிட்டு மீண்டும் அச்சொல்லுக்கே திரும்ப வேண்டும். அந்த ‘இருக்கட்டும்’ என்ற மனநிலையைத்தான் அவர் மிக முக்கியமாகக் கருதினார். பரபரப்பாக வேலை செய்து பழகியவர்களுக்கு அதுவே கடினமானது என்பது என் எண்ணம்.

மடிக்கணினியை மூடிவிட்டு, நாற்காலியிலேயே பாதங்களைத் தரையில் பதித்து அமருங்கள். இறுகியிருந்த தாடை தளர்வதையும், காதோரம் வரை ஏறியிருந்த தோள்கள் மெல்ல இறங்குவதையும் முதலில் உணர்வீர்கள். மூச்சை வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயல்பாட்டால் இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது. ஆகவே வெளிமூச்சு நீளமாக இருப்பது நல்லது. அலாரம் வேண்டாம், இடையில் கண்திறந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சாப்பிட்டவுடன் அமர்வதைத் தவிர்க்க வேண்டும் என்பதால், அலுவலகத்தில் மதிய உணவுக்கு முந்தைய நேரமே வசதியானது.