மகள் சீனச் சட்டம் படிக்கப் போகலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா,

உங்கள் மகள் சட்டப்படிப்பில் நான்காம் ஆண்டு. கோர்ட்டில் பிராக்டீஸ் செய்வதில் அவளுக்கு ஆர்வமில்லை. சீனாவில் தொழில் செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். டிகிரி முடிந்த கையோடு பெய்ஜிங்கில் எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப்படிப்பில் சேர வேண்டுமாம். "எல்லையில் மறுபடி ஏதாவது நடந்தால் இவள் படித்தது என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உறவு கசந்திருந்த கடந்த சில ஆண்டுகளிலும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் சரக்கு வணிகம் நடந்திருக்கிறது. 2020 ஏப்ரலில், எல்லையை ஒட்டிய நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி கட்டாயம் என்று இந்தியா விதி கொண்டுவந்தது. அந்த விதி தங்களுக்குப் பொருந்துமா என்று தெரிந்துகொள்ளவே பல கம்பெனிகளுக்கு வக்கீல் தேவைப்பட்டார். அரசியலால் இந்த வேலையின் தன்மை மாறும், வேலை இல்லாமல் போகாது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் மகள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. சீனாவில் வக்கீலாவதற்கான தேசியத் தேர்வை வெளிநாட்டுக் குடிமக்கள் எழுத முடியாது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் அங்கே பிரதிநிதி அலுவலகம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சீனச் சட்டத்தின் கீழ் வாதாடவோ, சட்டக் கருத்து எழுதித் தரவோ அவற்றுக்கு அனுமதி இல்லை. ஆகவே எத்தனை எல்.எல்.எம். வாங்கினாலும் அவள் சீன வக்கீல் ஆக முடியாது. சீன வக்கீலுக்கும் இங்குள்ள கம்பெனிக்கும் நடுவில் நின்று, ஆபத்தை முன்கூட்டியே கண்டு சொல்பவளாகத்தான் இருக்க முடியும். இது மதிப்புள்ள வேலை, ஆட்களும் குறைவு.

அது எப்படிப்பட்ட வேலை என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் வழக்கைச் சொல்கிறேன். ஐபேட் பெயருக்கான உரிமையை அந்த நிறுவனம் 2009-இல் ஒரு தைவான் கம்பெனியிடமிருந்து 35,000 பவுண்டுக்கு வாங்கியது. சீனாவுக்கான டிரேட்மார்க்கும் அதில் சேர்த்தி என்று நினைத்தது. ஆனால் சீனப் பதிவேட்டில் அந்தப் பெயர், அதே குழுமத்தைச் சேர்ந்த புரோவியூ என்ற ஷென்சென் கம்பெனியின் பேரில் இருந்தது. "விற்றது நாங்கள் இல்லையே" என்றது புரோவியூ. 2011 கடைசியில் ஷென்சென் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. 2012-இல் ஆப்பிள் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் சமாதானம் செய்துகொண்டது. பதிவேட்டில் உரிமையாளர் யார் என்ற ஒரே கேள்விதான் அத்தனைக்கும் காரணம். அங்கே பெயரை யார் முதலில் பதிவு செய்கிறாரோ அவருக்கே பெரும்பாலும் உரிமை. நாம் எத்தனை காலம் பயன்படுத்தினோம் என்பது இரண்டாம் பட்சம்.

இன்னொன்று, கம்பெனி சீல். நம் ஊரில் ரப்பர் ஸ்டாம்ப் தொலைந்தால் புதிதாகச் செய்துகொள்வோம். அங்கே பதிவு செய்யப்பட்ட அந்தச் சிவப்பு முத்திரைதான் கம்பெனியின் கையெழுத்து. பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்துக்குச் சீனாவில் ஒரு கூட்டு நிறுவனம் உண்டு. அதன் தலைமை அதிகாரியை 2020 ஜூனில் இயக்குநர் குழு நீக்கியது. முத்திரை அவர் கையில் இருந்ததால் அவரை வெளியேற்ற 2022 வரை ஆனது. முத்திரை யாரிடம் இருக்கும், கம்பெனியின் சார்பில் கையெழுத்திடும் சட்டப் பிரதிநிதியாக யார் பெயர் போகும் என்பதைக் கம்பெனி தொடங்கும் முன்பே எழுதிவைக்கச் சொல்வதும் இந்த வேலையில் சேரும்.

சட்டங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2020 ஜனவரியில் புதிய அந்நிய முதலீட்டுச் சட்டம் வந்தது. பழைய கூட்டு நிறுவனங்கள் அதற்கேற்ப அமைப்பை மாற்றிக்கொள்ள 2024 முடிய அவகாசம் இருந்தது. 2024 ஜூலையிலிருந்து, ஒப்புக்கொண்ட மூலதனத்தை ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும் என்கிறது புதிய கம்பெனிச் சட்டம். தனிநபர் தகவல் சட்டம் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஷாங்காய் கிளை ஊழியர்களின் விவரத்தைச் சென்னைத் தலைமையகத்துக்கு அனுப்புவதைக்கூட அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இப்படி வெளிநாட்டுக்குத் தகவல் அனுப்புவதில் 2024 மார்ச்சில் சில தளர்வுகள் வந்தன. இதையெல்லாம் விடாமல் தொடர்ந்து படிக்கும் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு அவளுடைய மதிப்பெண்ணைவிட இதுதான் முக்கியம்.

சரி, என்ன செய்யலாம்? டிகிரி முடிந்ததும் பெய்ஜிங் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். சிங்ஹுவா போன்ற பல்கலைக்கழகங்களில் ஆங்கிலவழி எல்.எல்.எம். இருக்கிறது, நல்ல படிப்புதான். ஆனால் சீன மொழியில் ஓர் ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாமல் அந்தச் சான்றிதழோடு திரும்புபவருக்கு இங்கே யாரும் தனி மதிப்புத் தருவதில்லை. முதலில் பார் கவுன்சிலில் பதிவு செய்யட்டும். கம்பெனிச் சட்டமோ, அறிவுசார் சொத்துரிமையோ, கோர்ட்டுக்குப் போகாமல் இரு தரப்பும் ஏற்ற நடுவரிடம் தகராறைத் தீர்க்கும் நடுவர் தீர்ப்போ, ஏதாவது ஒன்றைக் கையாளும் அலுவலகத்தில் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்க்கட்டும். சீன மொழியை மட்டும் இன்றே தொடங்கிவிட வேண்டும். ஹெச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் ஐந்தாம் நிலை வரை போய்விட்டால், அப்புறம் எல்.எல்.எம். செலவுக்கு அர்த்தம் இருக்கும். சீன அரசின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

மூன்றில் எதை எடுப்பது என்றால் நான் நடுவர் தீர்ப்பைச் சொல்வேன். காரணம் இருக்கிறது. சென்னை நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பைச் சீனாவில் நிறைவேற்ற இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பாடு இல்லை. ஆனால் ஒரு நாட்டில் தந்த நடுவர் தீர்ப்பை மற்ற உறுப்பு நாடுகளில் நிறைவேற்ற வழிசெய்யும் நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருக்கின்றன. அதன்படி சீனாவை ஏற்று இந்தியா 2012-இல் அறிவிக்கையும் வெளியிட்டது. அதனால்தான் இந்திய, சீனக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் தகராறு சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ நடுவர் முன் தீரட்டும் என்று எழுதுகிறார்கள். அந்த இரண்டு ஊர்களிலும் அவளுக்கு வாய்ப்பு உண்டு.

சீனாவில் நேரடியாகக் கால் வைத்த தமிழ்நாட்டு நிறுவனங்களும் உண்டு. சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸுக்கு ஜெஜியாங் மாகாணத்தில் ஆலை இருக்கிறது. ஆனால் அவள் பெரிய பெயர்களை மட்டும் தேட வேண்டாம். சீனாவிலிருந்து இயந்திரம் இறக்கும் சிறு முதலாளிகளுக்குத்தான் இப்படி ஒரு ஆள் அவசரமாகத் தேவை.

இந்த மாதமே ஒரு வேலை கொடுங்கள். உறவிலோ நட்பிலோ அப்படி இறக்குமதி செய்தவர் யாராவது இருப்பார். அவருடைய ஒப்பந்த நகலை வாங்கிக் கொடுங்கள். விற்றவரின் சீனப் பெயர் அதில் இருக்கிறதா, அல்லது சட்ட மதிப்பில்லாத ஆங்கிலப் பெயர் மட்டும்தானா? 18 இலக்கப் பதிவு எண் உண்டா? முத்திரையில் உள்ள பெயரும் பணம் போன வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா? தகராறு எந்த ஊரில் தீரும் என்று எழுதியிருக்கிறார்களா? பார்த்துவிட்டு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பிவையுங்கள், அதை வைத்துக்கொண்டு அவளோடு நேரடியாகப் பேசுகிறேன்.