தகட்டுக்குப் பதில் துணி: சொந்தமாக கார் கட்டுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஃபிரேமைத் தாங்களே வெல்டிங் வைத்துக் கட்டுகிற வாசகர்கள் பலர், பாடிக்குத் துணி போடலாமா என்று எழுதிக் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் துணி காற்றையும் மழையையும் மட்டும்தான் தடுக்கும். தகடு வெளியே தெரியாமல் செய்துகொண்டிருந்த மற்ற வேலைகள் எல்லாம் ஃபிரேமின் தலையில் விழும். ஃபிரேமை வரையும்போதே அதை மனதில் வைத்து வரைய வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியேதான் வரும்.

காலேஜ் டீமில் பைப் ஃபிரேம் எலெக்ட்ரிக் வண்டி கட்டுகிறோம் சார். அலுமினியத்துக்குப் பதில் லாரி தார்ப்பாய் போட்டால் எவ்வளவு எடை குறையும்? (கோவை மாணவர்)

ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போடுங்கள். 0.8 மி.மீ. இரும்புத் தகடு 6.3 கிலோ. 3 மி.மீ. ஃபைபர் 4 கிலோவுக்கு மேல். 1 மி.மீ. அலுமினியம் 2.7 கிலோ. 600 ஜி.எஸ்.எம். பி.வி.சி. தார்ப்பாய் 600 கிராம். உங்கள் பாடி 6 சதுர மீட்டர் என்றால் அலுமினியத்தைவிட 12 கிலோ சொச்சம் மிச்சம். துணியைத் தாங்குவதற்கென்று கூடுதலாக வைக்கும் மெல்லிய பைப்புகள் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இரும்பிலிருந்தோ ஃபைபரிலிருந்தோ மாறினால் எடையில் நல்ல லாபம். அலுமினியத்திலிருந்து மாறினால் சுமாரான லாபம்தான்.

துணியின் பெரிய வசதி வேறு. மோல்டு வேண்டாம், பெண்டிங் மெஷின் வேண்டாம், ஆட்டோ டாப் தைக்கிற கடையிலேயே வேலை முடிந்துவிடும். டிசைன் பிடிக்கவில்லையா, கழற்றிவிட்டு வேறு தைக்கலாம். போட்டிக்குப் போகும் வண்டி என்றால் மட்டும், துணி வாங்குவதற்கு முன்பே விதிப் புத்தகத்தில் பாடி பேனல், ஃபயர்வால் (ஓட்டுபவரைத் தீயிலிருந்து காக்கும் தடுப்பு) பகுதிகளை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

அண்ணை, லோட்டஸ் 7 எண்ட சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஒரு சேஸி கட்டி முடிச்சுப்போட்டன். பக்கத்துக்கு அலுமினியம் ரிவெட் அடிக்காமல் துணி போட்டால் என்ன நடக்கும்? (லண்டன் வாசகர்)

தம்பி, அவசரப்பட வேண்டாம். நாலு பைப்பை வைத்து ஒரு செவ்வகம் வெல்டிங் அடித்து, ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், சாய்சதுரமாக நெளியப் பார்க்கும். அதே செவ்வகத்தில் குறுக்கே ஒரு பைப் வைத்தாலோ, ஒரு தகட்டை நெருக்கமாக ரிவெட் அடித்தாலோ அசையாது. லோட்டஸ் 7 வகைச் சேஸியில் பல கட்டங்களுக்குக் குறுக்குப் பைப் இருக்காது. அந்த வேலையைச் செய்வது ரிவெட்டும் பசையும் போட்டு ஒட்டிய அலுமினியத் தகடுதான். அதை எடுத்துவிட்டுத் துணி போட்டால் சேஸி முறுக்கிக்கொள்ளும். வளைவில் திரும்பும்போது சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்யாது, வெல்டிங் மூட்டுகளில் நாளடைவில் விரிசல் விடும்.

ஆகவே தகடு எடுக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறுக்குப் பைப் வையுங்கள். தரை, எஞ்சினுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு, கியர் டன்னல் மூன்றிலும் துணிக்கு இடமே கிடையாது, அலுமினியமே இருக்கட்டும். சோதிப்பதும் எளிது. பின்பக்கத்தை அசையாமல் கட்டிவிட்டு, முன்பக்கம் ஒரு நீளப் பைப்பைக் குறுக்காகக் கட்டி அதன் ஒரு முனையில் தெரிந்த எடையைத் தொங்கவிடுங்கள். முன்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறுக்குப் பைப் வைத்த பிறகு அதே எடையில் மறுபடி பாருங்கள். தகட்டோடு இருந்த அளவுக்கு வந்துவிட்டால் துணி போடலாம்.

கம்ப்யூட்டரில் அழகாக உருண்டையாக வரைந்தேன். துணி போட்டதும் எல்லா இடமும் உள்வாங்கிவிட்டது. தைத்தவர் மேல் தப்பா? (ஈரோடு வாசகர்)

தைத்தவர் மேல் தப்பில்லை. இழுத்துக் கட்டிய துணிக்கு இரண்டு வடிவம்தான் தெரியும்: ஒரு திசையில் மட்டும் வளைந்த உருளை வடிவம், அல்லது ஒரு திசையில் மேலேறி மறு திசையில் கீழிறங்கும் குதிரைச் சேண வடிவம். எல்லாப் பக்கமும் வெளியே புடைக்கும் வடிவம் வேண்டுமென்றால் உள்ளே காற்று அடைக்க வேண்டும், அல்லது நெருக்கமாகத் தாங்கு கம்பிகள் வைக்க வேண்டும். அம்பாஸடர் கார் மட்கார்டு போன்ற உருட்டல் துணிக்கு வரவே வராது.

இதைத் தடையாக நினைக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டு வரையுங்கள். முன்னிருந்து பின்னாக ஓடும் நீளக் கம்பிகளை முதலில் வரையுங்கள். துணி ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு நேர்கோட்டில் போகும். கண்ணுக்குத் தெரியப்போகும் விளிம்புகள் அந்தக் கம்பிகள்தான், அவை அழகாக ஓடினால் வண்டி அழகாக இருக்கும். நடுவில் குறுக்காகப் போகும் வளையங்களைத் துணி தொடக் கூடாது. தொட்டால் விலா எலும்பு மாதிரி துருத்தும். வளையத்தை ஒரு விரல்கடை உள்ளே தள்ளி வைத்து, நீளக் கம்பியை அதன் மேல் ஏற்றி வெல்டிங் வையுங்கள். இன்னொன்று: இறுகிய துணி கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும். மிக மெல்லிய கம்பி, நீண்ட இடைவெளி என்றால் கம்பியே வளைந்துவிடும். நீங்கள் அனுப்பிய படத்தில் கதவுக்குக் கீழே நடந்திருப்பது அதுதான்.

பழைய ஃப்ளெக்ஸ் பேனர் நிறையக் கிடக்கிறது. பயன்படுமா?

வேண்டாம். விளம்பர ஃப்ளெக்ஸில் நூல் நெசவு நெருக்கமில்லாமல் இருக்கும், மேலும் கீழும் பி.வி.சி. படலம் ஒட்டியிருப்பார்கள். வெயிலில் கிடந்தது ஏற்கெனவே முறுமுறுப்பாகியிருக்கும். மடித்த இடத்தில் வெடித்து, அங்கிருந்து நேராகக் கிழியும். அளவு பார்க்க, பேட்டர்ன் வெட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அருமையான பொருள்.

விமானத்துக்குப் போடும் பாலியஸ்டர் துணியை இஸ்திரி போட்டே இறுக்குகிறார்களாமே? வீட்டில் முடியுமா? (திருச்சி வாசகர்)

முடியும், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. செய்யும் முறை: முதலில் பைப்பில் வெல்டிங் பிசிறு ஒன்றுகூட இல்லாமல் அரத்தால் ராவித் தேய்த்து, துரு பிடிக்காத பிரைமர் அடியுங்கள். துணியைக் கையால் தளர்வில்லாமல் விரித்து, ஓரத்தைப் பைப்பைச் சுற்றி மடித்துப் பசை போட்டு ஒட்டுங்கள். ஒட்டும் அகலம் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பசை முழுக்கக் காய்ந்த பிறகு இஸ்திரி. முதல் சுற்று 120 டிகிரி செல்சியஸ், அடுத்தது 150, கடைசியாக 175. ஒரே இடத்தில் நிறுத்தாமல், எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும். முதல் சுற்றிலேயே சுருக்கங்கள் கண்ணெதிரே கரையும். கடைசிச் சுற்று முடிந்து விரலால் சுண்டினால் பறை மாதிரி சத்தம் வரும்.

சூடு 190-ஐத் தாண்டிவிட்டால் துணி தளர்ந்துவிடும், அந்த இறுக்கம் பிறகு வராது. வீட்டு இஸ்திரிப் பெட்டியின் டயலை நம்பாதீர்கள். அடித்தகட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து அளந்து, டயலில் பேனாவால் குறி போட்டுக்கொள்ளுங்கள். ஜவுளிக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் இதற்கு ஆகாது. அதை மில்லிலேயே சூட்டில் பதப்படுத்திவிடுகிறார்கள், மறுபடி சுருங்காது. தறியிலிருந்து வந்த பதப்படுத்தாத துணிதான் வேண்டும்.

பாலியஸ்டருக்கு எதிரி வெயில். இழைகளை அடைக்கும் பூச்சு, அதன் மேல் அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு, அதன் மேல்தான் கலர். வெள்ளிப் பூச்சு போதுமா என்று பார்க்க, இருட்டில் உள்ளேயிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் வெளியே தெரிந்தால் இன்னொரு கோட்டிங் அடிக்க வேண்டும்.

இப்படி நிஜமாகவே கார் செய்து விற்றிருக்கிறார்களா? (யாழ்ப்பாண வாசகர்)

விற்றிருக்கிறார்கள். விமான ஓட்டியான சார்ல்ஸ் வெய்மன் 1920களில் பாரிஸில் ஒரு முறையைக் காப்புரிமை செய்தார். மரச் சட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் சிறு இடைவெளி விட்டு எஃகுத் தட்டுகளால் இணைத்து, மேலே பஞ்சு, துணி, பூச்சுப் போட்ட தோல்துணி. மரத்தோடு மரம் உரசாததால் கிறீச் சத்தம் கிடையாது. பென்ட்லி போன்ற பெரிய கார்களிலேயே இது ஓடியது. பளபளக்கும் பெயின்ட் மோகம் வந்து 1930களில் மங்கிப்போனது.

உங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் செக்கோஸ்லோவாக்கியாவின் வெலொரெக்ஸ். ஸ்ட்ரான்ஸ்கி சகோதரர்கள் உருவாக்கிய மூன்று சக்கர வண்டி. எஃகுப் பைப் ஃபிரேம், மேலே செயற்கைத் தோல், அதைத் திருகு பட்டன்களால் மாட்டியிருப்பார்கள். உள்ளே ஜாவா டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். மைசூரில் லைசென்ஸ் எடுத்துத் தயாரித்தார்களே, அதே ஜாவா. உடல் ஊனமுற்றவர்களுக்கு மலிவான வண்டியாக 1970களின் தொடக்கம் வரை தயாரானது. பைப்புகள் எப்படி ஓடுகின்றன என்று அந்த வண்டியின் படம் ஒன்றைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள்; குறுக்குப் பைப் இல்லாத பெரிய கட்டம் அதிகம் இருக்காது.

2008-இல் பி.எம்.டபிள்யூ. காட்டிய ஜீனா, நீளும் துணியைப் போர்த்திய காட்சி வண்டி. பானெட் நடுவில் பிளந்து திறக்கும். கண்ணுக்கு விருந்து, ஆனால் கடைக்கு வரவில்லை.

80 கி.மீ. தாண்டினால் முன்பக்கத் துணி படபடவென்று அடிக்கிறது.

80 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ. 100-இல் 47 கிலோ. கண்ணாடிக்கு மேல் விளிம்பு போன்ற வளைவுகளில் இந்த அளவு விசை துணியை வெளிப்பக்கமாக உறிஞ்சும். அதோடு, முன்னால் ரேடியேட்டர் வழியாக நுழையும் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தும் ஊதும். முதலில் அந்தக் காற்றுக்குச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு வழி விடுங்கள். பாதிப் படபடப்பு அதிலேயே அடங்கும். பிறகு துணியை ஓரத்தில் மட்டும் அல்லாமல் நடுக் கம்பிகளிலும் ஒட்டவோ தைக்கவோ வேண்டும். விமான இறக்கையில் ஒவ்வொரு விலாவிலும் தைப்பது இதற்காகத்தான். கம்பிக்கும் துணிக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் பட்டை வைத்தால் மீதிச் சத்தமும் குறையும்.

பழைய மாருதி 800-இன் கதவு, கூரைத் தகடுகளை வெட்டிவிட்டுத் துணி போட ஆசை. (மதுரை வாசகர்)

செய்யாதீர்கள். அந்தக் காருக்குத் தனி ஃபிரேம் கிடையாது, கூரை உட்பட வெல்டிங் அடித்த பாடிதான் அதன் எலும்பு. சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதி செய்தது. நீங்களே முழுதாகக் கட்டிய வண்டியையும் இந்தியாவில் பொதுச் சாலையில் ஓட்டுவதற்குப் பதிவு செய்ய வகை ஒப்புதல் (அந்த மாடலைச் சோதித்துத் தரும் அரசு அங்கீகாரம்) தேவை. சொந்த நிலம், தனியார் டிராக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீப்பிடிக்காதா?

பிடிக்கும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், பி.வி.சி. எரிந்தால் நச்சுப் புகை வரும். விமானத் துணிக்கு அந்தக் காலத்தில் அடித்த நைட்ரேட் டோப் பூச்சு எல்லாவற்றையும்விட மோசம், பொறி பட்டாலே குபீரென்று பற்றும். சைலன்சர், எஞ்சின், பெட்ரோல் டேங்க், பேட்டரி பக்கம் தகடு மட்டுமே. வாங்கப்போகும் துணியில் ஒரு துண்டு வெட்டி, பூச்சும் அடித்து, திறந்த வெளியில் கொளுத்திப் பாருங்கள். தீயை எடுத்ததும் தானாக அணையாத துணியை வாங்க வேண்டாம்.

தையல் வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது. கிழிந்தால் என்ன செய்வது?

பருத்தி நூல் போட்டிருப்பார்கள், அது மட்கிவிடும். வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல் கேளுங்கள். ஓடு வேய்வதுபோல மேல் துண்டு கீழ்த் துண்டின் மேலும், முன் துண்டு பின் துண்டின் மேலும் ஏறி நிற்க வேண்டும். பி.வி.சி. என்றால் தையலே வேண்டாம், தார்ப்பாய்க் கடையில் சூடான காற்றால் ஒட்டித் தருவார்கள்.

கிழிசலுக்கு ஒட்டுத்துணி போதும். கிழிசலின் இரு முனையிலும் சிறு வட்டத் துளை போட்டுவிட்டால் மேலும் ஓடாது. ஒட்டுத்துணியின் மூலைகளை உருட்டி வெட்டுங்கள், சதுர மூலை முதலில் உரியும். நாலு பக்கமும் 5 செ.மீ. ஏறி ஒட்ட வேண்டும். தைத்து மிஞ்சிய துணியைத் தூக்கிப் போடாமல் டூல்ஸ் பாக்ஸில் போட்டு வையுங்கள். அடுத்த முறை வாங்கினால் அதே கலர் கிடைப்பது கஷ்டம்.