பதிவேட்டுப் பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். என் வகுப்பில் பாதிப் பேர் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். வருகை எடுக்கையில் நான் பெயரைப் படித்தால் பின்வரிசையில் சிரிப்பு. சிலர் தங்கள் பெயர்தான் என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தி தெரியாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

முடியும். தமிழ் எழுத்தை நாம் படிக்கும் விதத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. கல், பக்கம், பகல், பங்கு என்று சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டில் க வன்மை, பகலில் குழைகிறது, பங்கில் அதிர்கிறது. த, ப எல்லாம் இப்படித்தான். நமக்குத் தன்னால் வரும் இந்தப் பழக்கம்தான் வெளியூர்ப் பெயரைக் கெடுக்கிறது. முகேஷின் க ‘பக்கம்’ போல வல்லொலி. நாம் ‘முகம்’ போலக் குழைத்துவிடுகிறோம். சுனிதாவின் தா ‘அத்தை’யின் த, இரட்டிக்காமல். தீபக்கில் முதல் எழுத்து ‘பந்து’வைப் போல அதிர வேண்டும், நடுவிலுள்ள ப அதிரக் கூடாது.

தமிழில் அச்சான ஸ்லோகப் புத்தகங்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன: எழுத்தின் தலையில் எண். 2 என்றால் வல்லொலியோடு மூச்சு, 3 என்றால் அதிர்வு, 4 என்றால் அதிர்வும் மூச்சும். மூச்சும் அதிர்வும் இல்லாத வெறும் வல்லொலிக்கு உரியது 1, அங்கே அதைப் போடுவதில்லை. நீங்கள் போடுங்கள், இல்லாவிட்டால் சொல் நடுவில் நம் கண் அதைக் குழைத்துவிடும். பதிவேட்டில் பென்சிலால் தீ³ப¹க், முகே¹ஷ், ப⁴ரத் என்று குறித்தால் போதும்.

3 வர, ‘அங்கா, அந்தா, அம்பா’ என்று சொல்லி முதல் அசையை மனசுக்குள் விழுங்குங்கள். 2-க்கும் 4-க்கும் மெல்லிய தாள் கீற்றை வாய்க்கு முன் பிடியுங்கள். மூச்சு வந்தால் தாள் துள்ளும். 4 வராதபோது நம்மவர்கள் ‘ப-ஹ-ரத்’ என்று பிளப்பார்கள். அதற்கு 3-லேயே நின்றுவிடுவது மேல்.

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் வேறு வம்பு. த-வுக்கு ‘டீ’யோடு ‘ஹெச்’ சேர்ப்பது நம் வழக்கம். வடக்கே வெறும் ‘டீ’யே த-வுக்கும் ட-வுக்கும் பொது, ‘ஹெச்’ வந்தால் பெரும்பாலும் மூச்சு என்று பொருள். சுனிதாவை ‘சுனிட்டா’ ஆக்குவது இந்தக் குழப்பம்தான். வங்காளத்தில் அகரம் ஒகரத்தை நோக்கிப் போகும், அமித் அங்கே ‘ஒமித்’. இந்தி விழுங்கும் கடைசி அகரத்தை ஒடியா மொழி விடாமல் சொல்லும். பீகார்ச் சிறுமிகளின் பெயருக்குப் பின்னால் வரும் ‘குமாரி’யைக் கூப்பிடும் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரே வகுப்பில் ஐந்து குமாரிகள் எழுந்து நிற்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் பிள்ளையின் வாய்தான் ஆதாரம். வகுப்பு நடுவே கேட்காமல் தனியாகக் கேளுங்கள். முதலில் இயல்பான வேகத்தில் சொல்லட்டும். மெதுவாகச் சொல்லச் சொன்னால் அசை அசையாக உடைத்துப் பெயரே மாறிவிடும். அம்மாவிடம் ‘வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?’ என்று கேட்டால் வங்காளிகள் வீட்டுச் செல்லப்பெயரைச் சொல்வார்கள். அது பள்ளிக்கு உரியதல்ல. ‘பள்ளியில் கூப்பிட வேண்டிய பெயர்’ என்றே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் போனில் பதிந்துகொள்ளுங்கள். வாயில் நுழையவில்லை என்று ‘ராஜூ’ என்று மட்டும் புதிதாக வைத்துவிட வேண்டாம். ஒரு வாரம் கழித்து, ‘நான் சொல்வது சரியா?’ என்று இன்னொரு முறை கேளுங்கள். டீச்சரைத் திருத்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை தானாக வராது.