பியூஸ், எம்சிபி, மிக்ஸியின் சிவப்பு பட்டன்: வயர் சூடு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 16 ஆம்பியர் எம்சிபிதான் போட்டிருக்கிறேன். வயரைக் கவ்விக் கரன்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 20 ஆம்பியர் காட்டுகிறது, ஆனாலும் டிரிப் ஆகவில்லை. பழுதா?

பழுதில்லை தம்பி. எம்சிபி என்பது கரன்ட் அளவு மீறினால் தானாக விழுந்து (டிரிப் ஆகி) லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். அதன் உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. சூடேறினால் ஒரு பக்கம் அதிகமாக நீளும், பட்டை வளையும், கொக்கி விடுபடும். வளைய நேரம் வேண்டுமே! வீட்டு எம்சிபிக்கான சர்வதேசத் தரப்படி, அதில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல 1.13 மடங்கு லோடில் ஒரு மணி நேரத்துக்குள் விழக்கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். உங்களுக்கு அது 18, 23 ஆம்பியர். 20 நடுவில் நிற்கிறது, விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி. ஷார்ட் ஆனால் கதையே வேறு. பக்கத்திலுள்ள காந்தச் சுருள் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துவிடும். இரண்டையும் ஒரே சின்ன டப்பாவில் அடக்கியவர்கள் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்து ஹூகோ ஸ்டோட்ஸ் நிறுவனத்தார், 1920-களில்.

கேள்வி: சார், ஏசி போட்டால் எம்சிபி விழுகிறது. 32 ஆம்பியர் மாற்றிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

வேண்டவே வேண்டாம். எம்சிபி காப்பது ஏசியை அல்ல, சுவருக்குள் போகும் வயரை. 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் ஓடும் லைனில் 32 போட்டால் காவலாளிக்கு விடுமுறை கொடுத்த மாதிரி. ஒன்று, ஏசிக்குத் தனி லைன் இழுங்கள். அல்லது எதனால் விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் பீங்கான் பியூஸ் கட்டைதான். இன்னும் வைத்துக்கொள்ளலாமா?

எடிசன் 1890-இல் பியூஸ் கட்டைக்குக் காப்புரிமை பெற்றார். கரன்ட் அளவு மீறினால் மெல்லிய கம்பி உருகி லைனைத் துண்டிக்கும் அந்த யோசனை இன்றும் நல்லதுதான், கெடுப்பது நம் கை. ராத்திரி பியூஸ் போனதும் வயரிலிருந்து இரண்டு இழையை உருவி முறுக்கிக் கட்டிவிடுவோம். அப்புறம் அது உருகாது, வயர்தான் உருகும். கடையில் ஆம்பியர் சொல்லிக் கேட்டு பியூஸ் கம்பி வாங்குங்கள்.

கேள்வி: கீசர் பிளக் பாயின்ட் பழுப்பாகிக் கருகிவிட்டது. எம்சிபி ஏன் விழவில்லை?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். 2000 வாட் கீசர் 230 வோல்டில் இழுப்பது கிட்டத்தட்ட 9 ஆம்பியர்தான், எம்சிபிக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு ஸ்குரூவில். அது தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்தாலே போதும்: 9-ஐ 9-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள், 40 வாட். ஒரு விரல் நுனி அளவு இடத்தில் அவ்வளவு சூடு! மொத்தக் கரன்ட் கூடுவதில்லை, கொஞ்சம் குறையவே செய்யும். அதனால் பியூஸுக்கும் தெரியாது, எம்சிபிக்கும் தெரியாது. மெயினை அணைத்துவிட்டு, சாக்கெட், பிளக் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை விட்டால் புதியதும் கருகும். கருகிய வயர் நுனியை வெட்டிவிட்டு, புதுச் செம்பு தெரியும்வரை சீவித்தான் மாட்ட வேண்டும்.

கேள்வி: இட்லிக்கு அரைக்கும்போது மிக்ஸி நின்றுவிடுகிறது, அக்கா மிக்ஸியின் அடியிலுள்ள சிவப்பு பட்டனை அமுக்குகிறார். அது என்ன?

ஓவர்லோடு பட்டன். மோட்டாருக்கான காவல். ஆற விட்டு அமுக்குங்கள், மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ரைஸ் குக்கரில் இருக்கும் தெர்மல் பியூஸ் வேறு: ஒருமுறை போனால் போனதுதான், அதே வெப்ப அளவுள்ள புதியதை மாற்ற வேண்டும். நேரடியாக வயரை இணைத்துத் தருகிறேன் என்பவரிடம் குக்கரைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆர்சிசிபி போட்டால் இதெல்லாம் தீருமா?

தீராது. அது பார்ப்பது கரன்ட் கசிவை. வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் வகை, ஷாக்கிலிருந்து காப்பாற்ற. அதையும் போடுங்கள், எம்சிபியையும் கழற்றாதீர்கள்.