மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் எங்கே போகிறது? செல் சுவாசம் பற்றிய கேள்வி-பதில்

நாம் இழுக்கிற ஆக்சிஜன்தானே கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது?

இல்லை. குளுக்கோஸும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகும் என்று பள்ளியில் எழுதிப் போடும் அந்த ஒற்றை வரிச் சமன்பாடுதான் பலரையும் அப்படி நினைக்க வைக்கிறது. குளுக்கோஸ் முதலில் செல்லுக்குள் இருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் இரண்டு பைருவிக் அமிலமாக உடைகிறது, அப்புறம் அது செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், அங்கே நடக்கும் கிரெப்ஸ் சுழற்சி என்ற வேதிவினை வரிசை முடிவதற்குள் அதன் கார்பன் முழுக்க கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடுகிறது. இதுவரை மூச்சு ஆக்சிஜன் எதையும் தொடவே இல்லை. வெளியே போகிற வாயுவில் இருக்கும் ஆக்சிஜன் குளுக்கோஸிலிருந்தும் செல்லில் உள்ள தண்ணீரிலிருந்தும் வந்தது.

மூச்சு ஆக்சிஜனுக்கு வேலை கடைசியில். குளுக்கோஸிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் புரதம் புரதமாகக் கைமாறி வருகின்றன, அந்த ஆற்றலில் புரோட்டான்கள் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டு அணைத் தண்ணீர் மாதிரி தேங்குகின்றன, அவை திரும்பப் பாயும்போது ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி நிஜமாகவே சுழன்று, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைத் தயாரிக்கிறது. கைமாறி வந்த எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொண்டு ஆக்சிஜன் தண்ணீராகிறது. வாங்க ஆளில்லை என்றால் வரிசை மொத்தமும் நின்றுவிடும். சயனைடு கொல்வது இந்த இடத்தில்தான்: ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது.

ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபியா, 32ஆ?

தேர்வுக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள். இன்றைய கணக்கு 30 முதல் 32. முன்பு, எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் என்ஏடிஎச் மூலக்கூறு ஒன்றுக்கு 3 ஏடிபி என்று முழு எண்ணாக வைத்தார்கள், இப்போது 2.5 என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இட்லி மாவு பொங்குவதும் சுவாசம்தானா?

இல்லை, அது நொதித்தல், அதாவது ஆக்சிஜன் உதவியில்லாமல் சர்க்கரையை உடைப்பது. உளுந்தோடு வருகிற லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாதான் இதில் முக்கியமான ஆள். ஒரு குளுக்கோஸிலிருந்து அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு ஏடிபி, அதனால் ராத்திரி முழுக்க சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மாவைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலமும், உப்ப வைக்கும் கார்பன் டை ஆக்சைடும் அது கழித்துப் போட்டவை.

சர்க்கரை டெஸ்டுக்கு மட்டும் ஏன் சாம்பல் மூடி போட்ட டியூப்?

நல்ல கேள்வி. சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது, அது பிழைப்பதே குளுக்கோஸைப் பைருவிக் அமிலமாக உடைக்கும் அந்த முதல் கட்டத்தை வைத்துத்தான். ரத்தத்தை எடுத்து டியூபில் விட்ட பிறகும் அந்த வேலை நிற்காது. சாதாரண அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறைந்துகொண்டே போகும். சாம்பல் மூடி டியூபின் அடியில் வெள்ளையாகத் தெரிகிற பொடியில் சோடியம் ஃபுளோரைடு இருக்கிறது, அது அந்த முதல் கட்டத்துக்குத் தேவையான இனோலேஸ் என்ற நொதியை முடக்கிவிடும். ஆனால் முழுசாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகிறது, அதற்குள் கொஞ்சம் சர்க்கரை போயிருக்கும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள் என்றால், லேபுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போவார்களா என்று கேட்டுவிடுங்கள்.